பாடகர் வரவில்லை, பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருக்கிறேன். அமெரிக்க கன்ட்ரி-ராக் பாடகர் ஒருவர் சனிக்கிழமை இரவு நுவரெலியாவில் பாடுவதாக முகநூலில் விளம்பரம் வந்தது. டிக்கெட்டையும் வெள்ளி, சனி இரவுகளுக்கு அறையையும் சேர்த்து ஒரே தொகைக்கு விற்றார்கள். எனக்கும் மனைவிக்குமாக வங்கியில் பணம் செலுத்தி, வேன் பிடித்துப் போனோம். பாடகர் வரவில்லை. உள்ளூர் இசைக்குழு ஒன்று அவருடைய பாடல்களைப் பாடியது. பணத்தைக் கேட்டால், "நிகழ்ச்சி நடந்ததே! பணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்று டிக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறோமே" என்கிறார் ஏற்பாட்டாளர். நடந்து ஒரு மாதம் ஆகிறது. விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விட்டுவிடாதீர்கள். டிக்கெட்டில் அச்சிட்ட வரியைச் சட்டம் என்று எண்ணி ஒதுங்கிப்போகும் வழக்கம் நம் மலையகத்தில் அதிகம். ஏற்பாட்டாளர்கள் நம்பியிருப்பதும் அதைத்தான்.

நீங்கள் வராமல் போனாலோ, மனம் மாறினாலோ பணம் கேட்க முடியாது என்பதற்கு அந்த வரி பொருந்தும். ஏற்பாட்டாளர் தன் வாக்கை மீறியதற்கு அது கேடயமாகாது. விளம்பரத்தில் பெரிதாக இருந்தது பாடகரின் படமும் பெயரும். அதற்காகத்தான் பணம் கொடுத்தீர்கள். பி.ஓ.பி. என்ற இலைத் தரத் தேயிலையின் பெயரிட்டுத் தூள் தேயிலையை விற்றவர், "தேயிலைதானே கொடுத்தேன்" என்று வாதாடினால் ஏற்போமா? அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸின் குரலை வானொலியில் கேட்டு வளர்ந்த ஊர் இது. அசலுக்கும் நகலுக்கும் நம்மவர்களுக்கு வேறுபாடு தெரியும். மேடையேறிய உள்ளூர்க் கலைஞர்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் உங்களுக்கு உதவும். தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை அதன் 30 ஆவது பிரிவு தடை செய்கிறது. 13 ஆவது பிரிவின் கீழ் முறைப்பாட்டை விசாரித்து, பணத்தைத் திருப்பித் தரவோ இழப்பீடு வழங்கவோ அதிகாரசபை கட்டளையிடலாம். ஆனால் எழுத்துமூல முறைப்பாடு மூன்று மாதங்களுக்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு மாதம் கழிந்துவிட்டது. அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசியதோடு நின்றுவிடாதீர்கள்; கடிதமும் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதுங்கள். அரசியலமைப்பின் 18 ஆவது உறுப்புரைப்படி தமிழும் அரசகரும மொழி. "சிங்களத்தில் எழுதிக் கொண்டு வாருங்கள்" என்று எவரும் உங்களைத் திருப்பியனுப்ப முடியாது.

அதற்கு முன், அந்த விளம்பரத்தை இன்றே திரையில் படம்பிடித்து வையுங்கள். பக்கத்தின் பெயரும் திகதியும் அதில் தெரிய வேண்டும். சண்டை தொடங்கியதும் இத்தகைய விளம்பரங்கள் காணாமல் போய்விடும். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணு ஊடுசெயல்கள் சட்டம் இருப்பதால், மின்னணுப் பதிவு என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தள்ளிவிட முடியாது. வங்கிப் பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல், வாயிலில் கிழித்துத் தந்த டிக்கெட்டின் மீதித் துண்டு ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். அந்தத் துண்டைத் திருப்பிப் பாருங்கள். களியாட்ட வரிக்காக மாநகர சபை இட்ட முத்திரை இருந்தால், டிக்கெட்டுகளை யார் பெயரில் சமர்ப்பித்தார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையிடம் கேட்கலாம். முகநூல் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் ஆள் யார் என்பது அதில் தெரியவரலாம்.

பிறகு பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்பி, பதினான்கு நாள் அவகாசம் கொடுங்கள். டிக்கெட்டையும் அறையையும் ஒன்றாக விற்றதால் முழுத் தொகையையும் கேட்கலாம். இரண்டு இரவும் அறையில் தங்கியிருந்தால், அந்தப் பயனுக்காக ஒரு பகுதியைக் கழிக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதில் ஓரளவு நியாயம் உண்டு. வேன் வாடகையைக் கேட்டுப் பாருங்கள், ஆனால் அதை எதிர்பார்த்து இருக்காதீர்கள். வெளியூர்க்காரர்கள் செலவழித்து வருவார்கள் என்பது ஏற்பாட்டாளருக்கு முன்பே தெரியும் என்பதை நீங்கள் காட்டியாக வேண்டும். அறையும் சேர்த்து விற்ற விளம்பரம் அதற்கு உதவும்.

பாடகர் ஒப்பந்தமே செய்யவில்லை என்று தெரிந்தும் டிக்கெட் விற்றிருந்தால், விடயம் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் ஏமாற்றுதலாகிறது. பொலிஸில் முறையிட்டுப் பதிவின் பிரதியைப் பெறுங்கள். கடைசி நேரத்தில் நோயோ விமானத் தடையோ குறுக்கிட்டிருந்தால் அது குற்றமாகாது. அப்போதும் பாடாத பாட்டுக்கு வாங்கிய பணத்தை ஏற்பாட்டாளர் வைத்துக்கொள்ள நம் ஒப்பந்தச் சட்டம் சாதாரணமாக இடம் தராது.

இத்தகைய சிறு தொகை வழக்குகள் நீதிமன்றம் போகுமுன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே எங்களைப் போன்ற சட்டத்தரணிகள் தேவையில்லை. உங்கள் கதையை நீங்களே சொல்லலாம். பேச்சின் நடுவே அடுத்த நிகழ்ச்சிக்கு இலவச டிக்கெட் தருவதாகச் சொல்வார்கள். அதை ஏற்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. பாதிப் பணம் தந்தால் வாங்கலாம். ஆனால் "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "பகுதிக் கொடுப்பனவு" என்று உங்கள் கையாலேயே எழுதி, ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள்.