ஜப்பானில் தூரிகை எழுத்துக்கு மை அரைக்க, கையால் செதுக்கும் மைக்கல்லுக்கு ஏன் இவ்வளவு விலை? கல்லில் ஒரு குழி வெட்டினால் வேலை முடிந்ததுதானே?

குழிக்கு மட்டும்தான் காசு என்றால் நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் மைக்கல் கிண்ணம் இல்லை, அரம் மாதிரி. புகைக்கரியும் விலங்குப் பசையும் சேர்த்துக் காயவைத்த மைக்கட்டியை, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கல்லின் மேட்டில் தேய்ப்போம். கரைந்த மை வழிந்து பள்ளத்தில் சேரும். மேட்டுக்குத் தரை என்றும் பள்ளத்துக்குக் கடல் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தத் தரையில் கண்ணுக்குத் தெரியாத பொடிப் பற்கள் இருக்கும். 'ஹோபோ' என்பார்கள். விலையெல்லாம் அதற்குத்தான்.

பல் மழுங்கிய கல்லில் கை வலிக்கத் தேய்த்தாலும் சாம்பல் தண்ணீர்தான் வரும். ரொம்ப முரடாக இருந்தால் மை திப்பி திப்பியாகிவிடும். நான் எழுத்து பழகும் இடத்தில் ஆசிரியர் தன் கல்லில் தேய்க்கக் கொடுத்தார். சத்தமே இல்லை, ஆனால் கட்டியைக் கல் லேசாகப் பிடித்துப் பிடித்து விடுவது விரலில் நன்றாகத் தெரிந்தது.

இப்படிப் பிடிக்கிற கல் எல்லா மலையிலும் கிடைக்காது. மியாகியில் ஓகாட்சு, யமனாஷியில் அமெஹாதா, யமகுச்சியில் செவ்வூதா நிறத்தில் வரும் அகாமா என்று பேர்போன இடங்கள் சிலதான். செதுக்குகிறவர் உளியின் நீண்ட பிடியைத் தோளில் முட்டுக்கொடுத்து, உடம்பின் பாரத்தையே போட்டுத் தள்ளுவார். அப்புறம் சாணைக்கல்லால் இழைப்பு. இதில் கொஞ்சம் கூடிப்போனாலும் பல் போய்விடும், அதனால் பளபளவென்று இருக்கிற தரையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஒரு காலத்தில் ஜப்பானின் மைக்கற்களில் சுமார் 90 சதவீதம் ஓகாட்சுவிலிருந்துதான் வந்தன. அங்கே கிடைப்பது ஏடு ஏடாகப் பிரியும் ஸ்லேட் கல், அதனால் கூரைக்கும் ஆகும். டோக்கியோ ரயில் நிலையக் கூரையிலும் அது இருக்கிறது. 2011 சுனாமி அந்த ஊரையே வாரிக்கொண்டு போனது. நிலையத்தைப் புதுப்பிக்க எடுத்துவைத்திருந்த ஓடுகளும் அதில் அகப்பட்டன, மீட்டுக் கழுவியெடுத்த ஓடுகள் 2012இல் கூரை ஏறின. ஆனால் சுனாமிக்கு வெகு முன்பே தொழில் தேய்ந்துவிட்டது: பள்ளிப் பிள்ளைகளுக்குப் புட்டி மை வந்துவிட்டது, புட்டி மைக்கு பிளாஸ்டிக் தட்டே போதும். செய்கிறவர்கள் குறைந்துபோனதும் விலைக்கு ஒரு காரணம்.

வாங்குவதென்றால் சிறிய, அலங்காரமில்லாத பழைய கல்லாகப் பாருங்கள். எழுதி முடித்த அன்றே கழுவிவிடுங்கள், காய்ந்த மை பற்களை அடைத்துக்கொள்ளும். மழுங்கினால் அதற்கென்றே விற்கும் சாணைக்கல்லால் லேசாகத் தேய்த்தால் சரியாகிவிடும். டிராகனும் மூங்கிலும் செதுக்கியிருக்கிறது என்று கூடுதலாகக் கொட்டிக் கொடுக்காதீர்கள், டிராகன் மை அரைக்காது.