கை தாழ்ந்தால் மானம் போகுமா?

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் வசிக்கிறோம். மகனுக்கு 16 வயது, பள்ளி பேஸ்பால் அணியில் பிட்சர். குறி தப்பாமல் எறிவான், வேகம்தான் ஏறவில்லை. இந்த ஆண்டு வந்த புதிய பயிற்சியாளர், தலைக்கு மேலிருந்து எறிவதை விட்டுவிட்டு, குனிந்து இடுப்புக்குக் கீழிருந்து எறியச் சொல்லிவிட்டார். பையனுக்கு அது பிடித்துப்போயிற்று. கல்லூரிக் காலத்தில் கிரிக்கெட் ஆடிய என் கணவரோ, "குளத்தில் தவளைக்கல் விடுகிற மாதிரி இருக்கிறது, மானம் போகிறது" என்று ஆட்டம் பார்க்க வருவதையே நிறுத்திவிட்டார். இப்படி எறிந்து யாராவது முன்னுக்கு வந்திருக்கிறார்களா? கை கெட்டுவிடாதா? விரல் முட்டி மண்ணில் உரசித் தோல் உரிகிறது. பிளாஸ்திரி போட்டு அனுப்பினால், "அது விதிப்படி கூடாது" என்கிறான். நிஜமா, சாக்கா?
– ஒரு தாய், டெக்சாஸ்

பதில்: பிளாஸ்திரி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். மகன் சாக்குச் சொல்லவில்லை. பந்து எறியும் கையில், பந்தைத் தொடக்கூடிய இடத்தில், பிட்சர் பிளாஸ்திரியோ டேப்போ ஒட்டிக்கொண்டு ஆடக் கூடாது. தொழில்முறை ஆட்டத்திலும் பள்ளி ஆட்டத்திலும் இதே விதிதான். கையில் ஒட்டியிருப்பது எதுவாயினும் பந்தின் போக்கை மாற்றலாம் என்று நடுவர்கள் சந்தேகப்படுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நன்றாகக் கழுவி மருந்து போட்டுவிடுங்கள்.

இனி உங்கள் கணவரின் மானத்துக்கு வருவோம். தலைக்கு மேலிருந்து எறிவதுதான் முறை, மற்றதெல்லாம் கோணல் என்று அவர் நினைக்கிறார். பேஸ்பாலின் வரலாறு அவர் பக்கம் இல்லை. அந்த ஆட்டம் தொடங்கிய காலத்தில் கையைத் தாழ்த்தி எறிவதே சட்டம். தலைக்கு மேல் கையைத் தூக்கி எறிய, பழைய தொழில்முறை அமைப்பான நேஷனல் லீக் அனுமதி கொடுத்தது 1884இல்தான். முழங்கை எத்தனை டிகிரி மடங்கலாம் என்ற கிரிக்கெட் வழக்கெல்லாம் பேஸ்பாலில் கிடையாது. எந்தக் கோணத்திலிருந்து வேண்டுமானாலும் எறியலாம். மலிங்காவின் கை பக்கவாட்டில் சுழன்று வந்தபோது உங்கள் கணவரும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து வாயைப் பிளந்துதான் பார்த்திருப்பார், கேட்டுப் பாருங்கள்.

"யாராவது முன்னுக்கு வந்திருக்கிறார்களா" என்று கேட்டீர்கள். பலர் வந்திருக்கிறார்கள். ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவருக்கும் உங்கள் மகனைப் போல வேகம் இல்லை.

டான் குவிசன்பெரி. 1953இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். கல்லூரி ஆட்டம் முடிந்தபோது எந்த அணியும் அவரைத் தேர்வுப் பட்டியலில் எடுக்கவில்லை. கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் 1975இல் அவரைத் தன் கிளை அணிகளுக்குச் சேர்த்துக்கொண்டது, அவ்வளவுதான். தொழில்முறை ஆட்டத்தின் உச்சமான மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் ஆட 1979 ஜூலை வரை காத்திருந்தார். அப்போது வயது 26. பக்கவாட்டில் எறிவார், ஓரளவு எறிவார், பயமுறுத்த மாட்டார்.

திருப்பம் 1980ஆம் ஆண்டின் வசந்தகாலப் பயிற்சி முகாமில் வந்தது. ராயல்ஸின் புதிய மேலாளர் ஜிம் ஃப்ரே, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் கென்ட் டெகுல்வியைப் பிடித்து, "எங்கள் பையனுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். டெகுல்வி உயரமான, ஒல்லியான மூக்குக்கண்ணாடிக்காரர். அதற்கு முந்தைய அக்டோபரில்தான் தரையோரம் கையை இறக்கி எறிந்து பைரேட்ஸுக்கு உலகத் தொடரை, அதாவது மேஜர் லீக்கின் இறுதிப் போட்டித் தொடரை, வெல்லத் துணைநின்றிருந்தார். எதிரணிக்காரனுக்குத் தொழில் ரகசியம் சொல்லித் தர வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஆனாலும் சொல்லித் தந்தார்.

அந்த ஆண்டே குவிசன்பெரி 33 சேவ்களுடன், மேஜர் லீக்கின் ஒரு பாதியான அமெரிக்கன் லீக்கில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். (அணி சிறிய வித்தியாசத்தில் முன்னிலையில் இருக்கும்போது கடைசியில் வந்து, அதைக் காப்பாற்றி ஆட்டத்தை முடித்துக் கொடுத்தால் அது ஒரு சேவ். உங்கள் கணவருக்கு இது தெரியாமல் இருக்கலாம்.) உடன் முதலிடத்தில் இருந்தவர் யார் என்கிறீர்கள்? கூஸ் காசேஜ், வேகத்தாலேயே பேட்டர்களை மிரட்டியவர். வேகமே இல்லாதவரும் வேகமே உருவானவரும் ஒரே எண்ணிக்கையில் நின்றார்கள். அக்டோபரில் ராயல்ஸ் முதன்முறையாக உலகத் தொடருக்குப் போனது. ஆறு ஆட்டங்களிலும் குவிசன்பெரி களமிறங்கினார். ஒன்றை வென்றார், ஒன்றைக் காப்பாற்றினார், இரண்டைத் தோற்றார். கோப்பை பிலடெல்பியாவுக்குப் போயிற்று.

1983இல் 45 சேவ்கள், அன்றைக்கு அது மேஜர் லீக் சாதனை. எனக்கு அதைவிடப் பிடித்த எண் வேறு: அந்த ஆண்டு 139 இன்னிங்ஸ் எறிந்து, குறி தப்பிய பந்துகளால் 11 பேட்டர்களைத்தான் பந்தைத் தொடாமலேயே முதல் பேஸுக்கு நடக்கவிட்டார். பதினொன்றே பேர்! ஐந்து ஆண்டுகள் லீக்கிலேயே அதிக சேவ்கள் அவருடையவை. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதில் 1983இலும் 1984இலும் இரண்டாமிடம். 1985 உலகத் தொடரின் புகழ்பெற்ற ஆறாவது ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் வந்தார். கடைசி வாய்ப்பில் ராயல்ஸ் இரண்டு ரன் எடுத்துப் பிழைத்தபோது வெற்றி அவர் பெயரில் எழுதப்பட்டது. அடுத்த நாள் கோப்பையும் வந்தது.

சகோதரி, இதில் உங்கள் மகன் கவனிக்க வேண்டியது சேவ் கணக்கை அல்ல, எப்படி எறிந்தார் என்பதை. பிட்சர் எறியும் மேட்டில் நிற்கிறார், சிவந்த மீசையோடு. இடது கால் எழும்போதே உடம்பு இடுப்பில் மடிகிறது. வலது கை முதுகுக்குப் பின்னால் போய், கணுக்கால் உயரத்துக்குத் தாழ்ந்து, தரையைத் தடவுவதுபோல முன்னால் வருகிறது. பந்து விரலை விட்டுக் கிளம்பும்போது, வழக்கமான பிட்சர்களின் தோளுக்கு மேல் பார்த்துப் பழகிய பேட்டரின் கண் அதைத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறது. தலைக்கு மேலிருந்து எறியும் வேகப்பந்து பின்னோக்கிச் சுழன்று வரும். அந்தச் சுழற்சி அதைச் சற்றுத் தாங்கிப் பிடிக்கும், எதிர்பார்த்த அளவு கீழே விழாது. கீழிருந்து எறியும்போது சுழற்சியின் திசையே மாறிவிடுகிறது. பந்து மேலே வருவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு, பேட்டருக்கு அருகில் தொப்பென்று இறங்கும். அடிப்பவர் அதன் மேல்பாதியில்தான் அடிக்க முடியும், பந்து தரையில் உருளும்.

உருளும் பந்தை எடுக்க ஆள் வேண்டுமே! ராயல்ஸில், சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு குளோவ் விருதை எட்டு முறை வாங்கிய ஃபிராங்க் ஒயிட் இரண்டாவது பேஸில் இருந்தார். பக்கத்தில் சில ஆண்டுகள் வாயில் பல்குச்சியோடு ஆடும் யூ.எல். வாஷிங்டன். தன் மொத்த வாழ்க்கையில் 1,043 இன்னிங்ஸ் எறிந்த குவிசன்பெரி, ஸ்ட்ரைக்அவுட் செய்தது, அதாவது பந்தை அடிக்கவிடாமலேயே வெளியேற்றியது, 379 பேரை மட்டுமே. மற்றவர்களை எல்லாம் இந்தக் கைகள்தான் பிடித்து வெளியேற்றின. ஆகவே உங்கள் மகன் அணியின் இன்ஃபீல்டு, அதாவது பேஸ்களை ஒட்டி நின்று பந்தைப் பிடிப்பவர்கள், எப்படி என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். பந்து பிடிக்கத் தெரியாத ஷார்ட்ஸ்டாப்பை (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) வைத்துக்கொண்டு இந்த வீச்சைப் பரிசோதித்தால், கெட்ட பெயர் பையனுக்குத்தான் வரும்.

தொல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். வலது கையால் கீழிருந்து எறிபவனின் பந்தை, இடது கை பேட்டர் வெகுநேரம் பார்க்கிறான். அவனுக்கு இது விருந்து. முன்பெல்லாம் இடது கை பேட்டர் வந்ததும் இந்த மாதிரி பிட்சரை வெளியே எடுத்துவிடுவார்கள். 2020 முதல் மேஜர் லீக்கில் அது எளிதல்ல. இடையில் வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்காவது எறிய வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடிக்க வேண்டும். ஆகவே மகன் இடது கைக்காரர்களுக்கென்று வேகம் குறைத்த சேஞ்சப் போல ஒரு பந்தை இப்போதே பழகுவது நல்லது.

இன்னொன்று ஆபத்து. 1920 ஆகஸ்டில் நியூயார்க்கில் யாங்கீஸின் கார்ல் மேஸ் தரையோரமிருந்து எறிந்த பந்து கிளீவ்லாந்தின் ரே சாப்மனின் தலையில் பட்டது. அவர் மறுநாள் இறந்துபோனார். அன்று தலைக்கவசம் கிடையாது, இன்று உண்டு. என்றாலும் கோணம் மாறியவுடன் கட்டுப்பாடு கொஞ்ச நாள் ஓடிப்போகும். அது திரும்பி வரும்வரை பேட்டரை நிறுத்தி எறிய வேண்டாம், பந்தை வாங்கும் கேட்சரை மட்டும் வைத்தே பழகட்டும்.

"கை கெட்டுவிடாதா" என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் மிகைப்படுத்துவார்கள். கீழிருந்து எறிந்தால் காயமே வராது என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். டெகுல்வி 1,050 ஆட்டங்கள் எறிந்தார் என்பது உண்மை. குவிசன்பெரியின் கடைசி ஆண்டான 1990இல் தோள் காயம்தான் அவரை நிறுத்தியது என்பதும் உண்மை. குனிந்து எறிபவனுக்கு இடுப்பும் முதுகும் தொடையும் வலுவாக இருக்க வேண்டும். கையை மட்டும் தாழ்த்திவிட்டு உடம்பை நிமிர்த்தியே வைத்திருந்தால் முழங்கை அவதிப்படும். இதை நேரில் எறிந்து பழகிய ஒருவர் அவனைப் பார்க்க வேண்டும். பள்ளிப் பயிற்சியாளருக்கே தெரியாது என்றால், தெரிந்தவரைத் தேடிக் கொடுக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. ஃப்ரே எதிரணியிடம் போய்க் கேட்கவில்லையா?

பொறுமையும் வேண்டும். இந்த வழியில் போனவர்கள் யாரும் சீக்கிரம் போய்ச் சேரவில்லை. மிசிசிப்பிக்காரரான சாட் பிராட்ஃபோர்டைப் பள்ளியிலேயே பயிற்சியாளர் கையைத் தாழ்த்தச் சொன்னார். சமுதாயக் கல்லூரி, பிறகு பல்கலைக்கழகம், 1996இல் 34ஆம் சுற்றில் தேர்வு என்று சுற்றி வளைத்துப் போனார். அவருடைய முட்டியும் மண்ணில் உரசியதுண்டு. முடிவில் 561 மேஜர் லீக் ஆட்டங்கள். டைலர் ராஜர்ஸும் டெய்லர் ராஜர்ஸும் இரட்டையர். டெய்லர் இடது கையால், எல்லாரையும் போல எறிந்து 2016இல் மேஜர் லீக்குக்குப் போய்விட்டார். தரையோரமிருந்து எறியும் டைலர் 2019 வரை, 28 வயதுவரை காத்திருந்தார். பிறகு இருவரும் சான் பிரான்சிஸ்கோ ஜெயண்ட்ஸில் ஒரே சமயத்தில் ஆடினார்கள். ஆள் தேடும் ஸ்கவுட் வேகம் அளக்கும் கருவியோடு வருகிறவர். அதில் சிறிய எண் விழும் பையனை அவர் இரண்டாம் முறை பார்க்க நாளாகும். கல்லூரி உதவித்தொகை இந்த வீச்சால் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட வேண்டாம். பழைய வீச்சில் வேகம் ஏறாமல் நின்றிருந்தாலும் அது கிடைத்திருக்காது.

எனவே என் கட்சி உங்கள் மகன் கட்சி. பயிற்சியாளர் திணித்து அவன் அழுதுகொண்டே எறிந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். பிடித்துப்போயிற்று என்கிறீர்கள், குறியும் தப்பாதவன் என்கிறீர்கள். ஒரு பருவம் முழுக்க விட்டுப் பார்க்கலாம். கணவரிடம் வாதாட வேண்டாம். ஒரு வேலை கொடுங்கள்: கேட்சருக்குப் பின்னாலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என்று மகன் எறிவதைக் கைபேசியில் படம் எடுத்துத் தரட்டும். வாராவாரம் கை எங்கே இருக்கிறது, இடுப்பு எவ்வளவு மடிகிறது என்று ஒப்பிட அது நிஜமாகவே தேவைப்படும். கிரிக்கெட் ஆடியவர், கேமரா கையில் இருந்தால் விமர்சனம் செய்யாமல் இருக்க மாட்டார். செய்யட்டும், மைதானத்துக்கு வந்து செய்யட்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மேஜர் லீக் பேஸ்பாலும் யூ.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வகுத்த வரம்பின்படி, 15, 16 வயதுப் பையன் ஒரே நாளில் 95 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது. 76ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. ஆண்டில் நான்கு மாதமாவது போட்டிகளில் எறியாமல் இருக்க வேண்டும், ஒரே ஆட்டத்தில் பிட்சராகவும் கேட்சராகவும் ஆடக் கூடாது. புதிய வீச்சு சுகமாக இருக்கிறது என்பதற்காக இந்தக் கணக்கை யாரும் தளர்த்த விடாதீர்கள். பள்ளி அணி தன் கணக்கை வைத்திருக்கும். வார இறுதியில் வேறு கிளப் அணிக்கும் ஆடுகிறான் என்றால், அது தனிக் கணக்கு வைத்திருக்கும். இரண்டையும் கூட்டிப் பார்க்க உங்களைத் தவிர ஆள் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியும் எண்ணும் எழுதிவாருங்கள். வியாழக்கிழமை பள்ளிக்காக 80 பந்து எறிந்தவனைச் சனிக்கிழமை கிளப் பயிற்சியாளர் கூப்பிட்டால், அந்த நோட்டைக் காட்டிவிட்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள்.