காலைப் பேப்பரில் ஆர்ம்ஸ்ட்ராங் வரவில்லை

கேள்வி: 1969 ஜூலை 21, மனுஷன் நிலாவுல கால் வெச்ச அன்னிக்குக் காலைல வந்த பேப்பர் தலைப்பைப் பத்தி பெரியவங்க இன்னும் பூரிச்சுப் போய் சொல்றாங்களே, அந்த மாதிரி தலைப்பெல்லாம் இப்ப ஏன் சார் வர்றதில்ல? (வாசகர், கும்பகோணம்)

பதில்: உங்க கேள்வில "காலைல"ங்கற ஒரே ஒரு வார்த்தைய மட்டும் பிடிச்சுக்கறேன், கோச்சுக்காதீங்க. அப்போலோ 11 ஆளுங்க நிலாவுல தரை தட்டினப்ப நம்ம கடிகாரத்துல ராத்திரி 1.47. சரி, நைட் ஷிஃப்ட் ஆளுங்க முழிச்சிருந்து கடைசி எடிஷன்ல அதை நுழைச்சிருக்கலாம். ஆனா ஆர்ம்ஸ்ட்ராங் ஏணில இறங்கி கால் வெச்சது நம்மூர் திங்கக்கிழமை காலை 8.26க்கு. அதுக்குள்ள பேப்பர் வந்து, டீக்கடை பெஞ்சுல நாலு கூறா பிரிஞ்சு, ஒரு தாள் வடை எண்ணெயும் உறிஞ்சியிருக்கும்.

இதை எங்க பெரியப்பாகிட்ட சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கிட்டது கொஞ்சநஞ்சம் இல்ல. "ஆறரை மணிடா, கையில காபி, பேப்பரைப் பிரிக்கறேன், நிலாவுல மனிதன் கால் வைத்தான்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான்"னு நாப்பது வருஷமா கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு எதையும் விடாம சொன்னார். "பெரியப்பா, ஆறரைக்கு அவங்க கூண்டுக்குள்ள சட்டை மாட்டிக்கிட்டு இருந்தாங்க, அந்தச் சட்டைய மாட்டவே மணிக்கணக்கா ஆச்சு"ன்னேன். ரெண்டு மாசம் பேச்சு இல்ல.

நியாயமா பாத்தா அந்த வாரம் நம்மூர் பேப்பருக்கு நிலாவே தேவைப்படல. 16ஆம் தேதி சாயங்காலம் ஏழு மணிக்கு ராக்கெட் கிளம்புது, அதே நாள் மொரார்ஜி தேசாய்கிட்டேர்ந்து நிதி இலாகாவை இந்திரா காந்தி பிடுங்கறாங்க, ஒரே நாள்ல ரெண்டு பேரை ஏவினாங்க, ஒண்ணு மேல, இன்னொண்ணு வெளிய. 19 சனிக்கிழமை ராத்திரி ரேடியோவுல 14 பேங்க் இனிமே சர்க்காருக்குன்னு அறிவிப்பு, அம்பது கோடிக்கு மேல டெபாசிட் வெச்சிருந்த பேங்கெல்லாம், அதுல நம்ம மெட்ராஸ் இந்தியன் பேங்க்கும் ஓவர்சீஸ் பேங்க்கும் உண்டு. அந்த அவசரச் சட்டத்துல கையெழுத்துப் போட்ட தற்காலிக ஜனாதிபதி வி.வி.கிரி மறுநாளே ராஜினாமா. ஏன்? அதே நாற்காலில நிரந்தரமா உக்காரத்தான், ஆகஸ்ட்ல ஜெயிச்சு உக்காந்தும் விட்டார். நடுவுல காலியா கிடந்த நாற்காலிய சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா பாத்துக்கிட்டார். இப்ப சொல்லுங்க, 21ஆம் தேதி பேப்பர்ல நீங்க எதைத் தூக்கி மேல போடுவீங்க?

நான் கிரியத்தான் போடுவேன். காரணம் அரசியல் இல்ல, அச்சு. ஈய எழுத்தைக் கையால கோத்த காலத்துல கொஞ்ச நாள் புரூஃப் பாத்தவன் நான், அந்த வலி எனக்குத் தெரியும். "ஆர்ம்ஸ்ட்ராங்"ல ஏழு எழுத்து, அதுல அஞ்சு புள்ளி வெச்சது. ஒரு புள்ளி முறிஞ்சு விழுந்தா ஆள் மாறிடுவார். அவர்கூட இறங்கின "ஆல்ட்ரின்" மட்டும் என்ன வாழுது, அஞ்சுல மூணு புள்ளி. "கிரி ராஜினாமா"வைப் பாருங்க, மருந்துக்குக்கூட ஒரு புள்ளி கிடையாது, வழுக்கிக்கிட்டுப் போகுது. அதுல "னா" கூட அப்ப ஒரே சுழியில வரும், 1978ல எழுத்துச் சீர்திருத்தம்னு அதுக்குத் தனியா ஒரு காலை ஒட்டிவிட்டாங்க. இதைச் சொன்னா சீர்திருத்தத்துக்கு எதிரியான்னு கடிதம் போடற அந்தப் பழைய நண்பர் இந்த மாசமும் போடுவார், போடட்டும், தபால்துறை பிழைக்கணும். பழைய தலைப்புல இருந்த சிக்கனம் இலக்கியம் இல்ல சார், எழுத்துப் பெட்டில "ட்" தீந்து போனதுதான்.

இன்னொரு விஷயம், அன்னிக்கு நிக்சன் வெள்ளை மாளிகைலேர்ந்து நிலாவுக்கே போன் போட்டுப் பேசினார். நம்மூர்ல மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் புக் பண்ணிட்டு போஸ்ட் ஆபீஸ் திண்ணைல காத்துக் கிடந்த காலம் அது, ஆர்டினரின்னா பொழுது சாயணும், அர்ஜெண்ட்டுன்னா பாதி நாள், லைட்னிங்னா உடனே, ஆனா வீட்டை அடமானம் வைக்கணும். அதே 21 ராத்திரி ரஷ்யாக்காரங்களோட லூனா 15 நிலாவுல மோதி நொறுங்கினதும் இருக்கு, ஆள் இல்லாத கலம்ங்கறதால யார் தாத்தாவும் அதைப் பேப்பர்ல படிச்சதா சொல்றதில்ல.

ட்ரங்க்னதும் ஞாபகம் வருது. பெரியப்பா காலமான வருஷம், அவரோட ட்ரங்க் பெட்டிய இறக்கினோம். அடில பழுப்பேறி, மடிப்புல கிழிஞ்சு, பூச்சி அரிச்ச ஓரத்தோட அந்தப் பேப்பர்! தலைப்பும் அவர் சொன்ன மாதிரியேதான், நிலா, மனிதன், கால், எல்லாம் இருக்கு. தேதியப் பாத்தேன். ஜூலை 22, செவ்வாய்க்கிழமை. ஜெயிச்ச குஷில பெரியம்மாகிட்ட கொண்டுபோய் நீட்டினா, அவங்க கண்ணாடியக்கூடப் போடல.

"நம்ம ஊருக்கு எந்தக் காலத்துலடா காலைல பேப்பர் வந்திருக்கு? ரெண்டாவது பஸ்ஸுலதான் வரும். அவர் சொன்ன ஆறரை, சாயங்காலம் ஆறரை."

(உங்க கேள்விக்கு அடுத்த இதழ்ல பதில் சொல்றேன்.)