சிஸ்டர் அக்கா பதில்கள்: புதுசா வேலைக்கு சேர்ந்த நர்ஸுங்களுக்கு

கேள்வி: அக்கா, பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில சேர்ந்திருக்கேன். ஓரியன்டேஷன்னு ஏசி ரூம்ல உக்கார வெச்சு கை கழுவுறது, குப்பையை எந்த கவர்ல போடுறதுன்னு ஸ்லைடு ஓட்டுறாங்க. நாலு வருஷம் படிச்சதும் இதுதானே? வார்டுக்கு எப்ப விடுவாங்க? - வாசகி, தாம்பரம்

பதில்: தூக்கம் வருதா? மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் ஃபயர் சேஃப்டி க்ளாஸ் வெச்சா யாருக்குத்தான் வராது, அந்த டைம்டேபிள் போடுறவங்களை நானே திட்டியிருக்கேன். சோப்பு போட்டா 40லேருந்து 60 செகண்டு, ஹேண்ட் ரப்னா, அதான் சானிடைசர், 20லேருந்து 30ன்னு உனக்கு மனப்பாடமா தெரியும்தான், ஆனா நைட் டியூட்டில ரெண்டு பெட்டுல ஒண்ணா பெல் அடிக்கும்போது அந்த செகண்டு எல்லாம் எங்க போகும்னு போகப்போக பாப்ப.

காலேஜ்ல படிச்சது எல்லா ஆஸ்பத்திரிக்கும் பொது மா. இப்ப நீ பிடிச்சுக்க வேண்டியது உன் ஆஸ்பத்திரிக்கு மட்டும் உள்ளது. கோட் ப்ளூக்கு, அதாவது ஒருத்தருக்கு இதயமோ மூச்சோ நின்னுட்டா, எந்த நம்பர் அடிக்கணும், போன்ல முதல்ல என்ன சொல்லணும், உன் வார்டுல அவசர மருந்து, கருவி எல்லாம் இருக்கிற தள்ளுவண்டி, அந்த கிராஷ் கார்ட் எந்த மூலைல நிக்குது, அதை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் செக் பண்ணி கையெழுத்து போடுறது யாரு. மத்த கலர் கோடு எல்லாம் இடத்துக்கு இடம் மாறும், பழைய ஆஸ்பத்திரி ஞாபகத்துல கூப்பிட்டுறாத. பொட்டாசியம் குளோரைடு, இன்சுலின், ஹெப்பாரின் மாதிரி அளவு தப்பினா ஆபத்தான மருந்துக்கு நைட்ல ரெண்டாவது ஆளா யாரு செக் பண்ணுவாங்கன்னு கேளு. டாக்டர் போன்லயே ஆர்டர் சொன்னா எழுதிக்கிட்டு திருப்பி படிச்சுக் காட்டணும், அப்புறம் அவர் எத்தனை மணி நேரத்துல வந்து கையெழுத்து போடணும்னு அங்க ஒரு ரூல் இருக்கும், அதையும் கேளு. நம்ம சென்னைக்கு கொல்கத்தாலேருந்தும் பங்களாதேஷ்லேருந்தும் எவ்வளவு பேஷண்ட் வர்றாங்க, ராத்திரி 2 மணிக்கு அவங்களுக்கு வலி எங்கன்னு புரிஞ்சுக்க மொழி தெரிஞ்ச ஆள் யாரு, அதையும் கேட்டு வெச்சுக்கோ. இந்த ஒரு வாரம் எதைக் கேட்டாலும் பொறுமையா சொல்லுவாங்க, ஆறு மாசம் கழிச்சு கேட்டா "இது கூடவா தெரியாது"ன்னு இன்சார்ஜ் மூஞ்சி சுளிப்பாங்க. அதனால கூச்சமே படாம கேளு.

கேள்வி: ஊசி மூடும்போது விரல்ல குத்திடுச்சு. சீனியர் அக்கா "பெருசு பண்ணாத, பிழிஞ்சு விடு"ங்கிறாங்க. - வாசகி, பெரம்பூர்

பதில்: பிழியவே கூடாது! ஓடுற தண்ணில சோப்பு போட்டு கழுவிட்டு உடனே இன்சார்ஜ்கிட்டயும் இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸ்கிட்டயும் சொல்லி எழுத்துல பதிவு பண்ணு. அந்த பேஷண்டோட எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி ரிசல்ட் பாப்பாங்க. எச்.ஐ.வி. தொத்தாம தடுக்கிற மருந்து தேவைப்பட்டா முதல் 2 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கிறதுதான் நல்லது, 72 மணி நேரம் தாண்டிட்டா ஆரம்பிச்சு பிரயோஜனம் இல்ல, ஆரம்பிச்சா 28 நாள் சாப்பிடணும். இதை படிக்கிறப்பவே நேரம் ஓடுது, கேஷுவாலிட்டிக்குப் போ. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாசம்னு மூணும் போட்டிருக்கியா? இனிமே ஊசியை திரும்ப மூடாத, அப்படியே வெள்ளை பஞ்சர் ப்ரூஃப் டப்பால போடு. அந்த சீனியர் அக்காவுக்கும் ஒரு தடவை ஓரியன்டேஷன் வெச்சா தேவலை.

கேள்வி: சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாத்தையும் குடுத்துடுங்கன்னு எச்.ஆர்.ல கேக்குறாங்க. என் பொண்ணு குடுக்கலாமா? - ஒரு அப்பா, வியாசர்பாடி

பதில்: காட்டலாம் சார், குடுத்துட்டு வரக்கூடாது. வெரிஃபை பண்ணட்டும், ஜெராக்ஸ் வாங்கிக்கட்டும், ஒரிஜினலோட வீட்டுக்கு வரச் சொல்லுங்க. சாந்தோம் ஹைரோட்ல இருக்கிற தமிழ்நாடு நர்ஸ் கவுன்சில் குடுத்த ரெஜிஸ்ட்ரேஷனும் அதே மாதிரிதான். இத்தனை வருஷம் வேலையை விட மாட்டேன்னு எழுதி வாங்குற பாண்ட் பேப்பர் நீட்டினா ஒரு நாள் டைம் கேட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வந்து நீங்களும் சேர்ந்து படிங்க, முக்கியமா நடுவுல வேலையை விட்டா எவ்வளவு கட்டணும்னு எழுதியிருக்குற வரியை.