கொம்பு இருக்கும் இரண்டு ஆங்கிலத் தொடர்கள்

வியாசர்பாடியிலிருந்து எழுதிய தம்பிக்கு,

மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்எஸ்சி மாதிரித் தேர்வில் 'லாக் ஹார்ன்ஸ்' என்பதற்குச் 'சிக்கலைத் துணிந்து எதிர்கொள்வது' என்று குறித்து மதிப்பெண் போய்விட்டது, இனி இடியம் (மரபுத்தொடர்) கேள்விகளைத் தொடவே மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது. தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பலரும் குழம்பும் இடம்தான் இது.

'லாக் ஹார்ன்ஸ்' என்றால் இரண்டு தரப்பு நேருக்கு நேர் முட்டிக்கொள்வது. மான்களோ காளைகளோ சண்டையில் கொம்போடு கொம்பு கோத்துக்கொள்வதிலிருந்து வந்த தொடர். எதிரே ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். யாரோடு என்பதற்கு 'வித்' வரும், எதற்காக என்பதற்கு 'ஓவர்' வரும். காசிமேட்டில் மீன் விலைக்காகப் படகுக்காரரும் வியாபாரியும் மல்லுக்கு நின்றால், அங்கே இது பொருந்தும். யார் ஜெயித்தார் என்பதை இந்தத் தொடர் சொல்லாது.

நீங்கள் குறித்த பொருள் 'டேக் த புல் பை த ஹார்ன்ஸ்' என்பதற்கு உரியது. அதற்கு எதிராளி தேவையில்லை. பயந்து தள்ளிப்போட்ட கணக்குப் பாடத்தை இன்றைக்கே எடுத்து உட்கார்ந்தால், அதுதான். விடைகளில் இரண்டு பொருளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், 'எதிரே ஆள் உண்டா?' என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்சி பட்டதாரிகளுக்கு நடத்தும் சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலம் 25 கேள்வி, 50 மதிப்பெண். ஒரு தப்புக்கு 0.50 குறையும். இரண்டாம் கட்டத்தில் 45 கேள்வி, ஒவ்வொன்றும் 3 மதிப்பெண். அதனால் ஆங்கிலத்தை ஒதுக்க முடியாது. ரயில்வேயில் தொழில்நுட்பம் சாராத பணிகளுக்கான என்டிபிசி தேர்வு மட்டும்தான் எழுதப்போகிறீர்கள் என்றால் கதை வேறு, அதில் ஆங்கிலப் பகுதியே கிடையாது. பெரம்பூர் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இரண்டுக்கும் சேர்த்தே படிக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

பட்டியல் மனப்பாடம் வேண்டாம். நதிநீருக்காக இரண்டு மாநிலங்கள், மசோதாவுக்காக ஆளுநரும் அரசும் என்று ஆங்கில நாளிதழ்த் தலைப்புகளில் 'லாக் ஹார்ன்ஸ்' அடிக்கடி வரும். தலைப்பை நோட்டில் எழுதி, யார், யாரோடு, எதற்கு என்று பக்கத்தில் குறியுங்கள்.

அப்புறம் ஒன்று. தனியார் நிறுவன நேர்காணலில், மேலதிகாரியோடு கருத்து வேறுபாடு வந்ததுண்டா என்று கேட்பார்கள். அங்கே 'ஐ லாக்டு ஹார்ன்ஸ் வித் மை மேனேஜர்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இலக்கணம் சரிதான், ஆனால் சண்டைக்காரர் என்று நினைத்துவிடுவார்கள். 'வி டிஸ்அக்ரீடு' என்று தொடங்கி, எப்படிப் பேசித் தீர்த்துக்கொண்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.