குறுநாடகத்துக்கு ஐந்து சந்தியும் வேண்டுமா?

கேள்வி: பதினைந்து நிமிட நாடகம் எழுதினேன். அறிமுகம், சிக்கல், உச்சம், இறக்கம், முடிவு ஐந்துக்கும் மும்மூன்று நிமிடம். படித்தவர்கள் ‘இழுக்கிறது’ என்கிறார்கள். ஏன்?

பதில்: சமமாகப் பங்கு போட்டதுதான் காரணம். இந்த ஐந்து பகுதிகளை 1863-இல் ஜெர்மன் எழுத்தாளர் குஸ்டாவ் ஃப்ரைடாக் வகுத்தது ஐந்து அங்க நாடகங்களுக்காக. நம்மிடமும் ‘சந்தி’ எனப்படும் ஐந்து கதைக்கட்டங்கள் உண்டு. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று, விதைப்பு முதல் அறுத்து உண்பது வரை உழவை வைத்தே விளக்குகிறார். ஆனால் சிறிய வகைகளுக்கு மரபே சலுகை தந்திருக்கிறது: பழைய வடமொழி நாடக நூலான நாட்டிய சாத்திரம் பாணம் (ஒருவரே நடிப்பது), பிரகசனம் (நகைச்சுவை நாடகம்) போன்றவற்றுக்கு முதல் சந்தியும் கடைசிச் சந்தியும் போதும் என்கிறது, வியாயோகம் என்ற வீரச்சுவை ஓரங்க நாடகத்துக்கு மூன்று.

ஒரு பக்க வசனம் மேடையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். பதினைந்து பக்கத்தில், சிக்கல் முதல் பக்கம் முடிவதற்குள் தெரிய வேண்டும். அக்காவும் தங்கையும் வீட்டை விற்பதா என்று சண்டையிடுகிறார்கள் என்றால், விளக்கு எரியும்போதே பத்திரம் மேசைமேல் இருக்கட்டும். உச்சம் 12, 13-ஆம் பக்கத்தில். இறக்கத்துக்கு அரைப் பக்கம் தாராளம். ஒரே ஒரு செயலாகவும் இருக்கலாம்.

அறிமுகத்தை எங்கே வைப்பது? சண்டைக்குள்ளேயே. ‘அப்பா மூணு வருஷம் படுக்கையில இருந்தது உனக்குத் தெரியுமே’ என்று அக்கா சொன்னால், அது தங்கைக்கு அல்ல, பார்வையாளருக்குச் சொல்லும் சேதி. உடனே பொய் தட்டும். ‘மூணு வருஷம் படுக்கையில கிடந்தாரே, ஒரு தடவை வந்தியா?’ என்றால் அதே தகவல் அடியாக விழுகிறது. உங்கள் முதல் மூன்று பக்கத்தில் ‘தெரியுமே’, ‘ஞாபகம் இருக்கா’ வரும் இடங்களைத் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் இழுவை.

காட்சி மாற்றத்தையும் பாருங்கள். ஒவ்வொரு இருட்டும் இருபது விநாடி என்றாலும் நான்கு இருட்டில் ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விடும். அதைவிட மோசம், ஏறிக்கொண்டிருந்த அழுத்தம் இறங்கிவிடும். ஒரே இடம், இடைவெளியில்லாத காலம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: வரிசையைக் கலைக்கலாமா? முடிவை முதலிலேயே காட்டினால்?

பதில்: தாராளமாக. ஆனால் ‘என்ன ஆகும்’ என்ற கேள்வி போய்விடுவதால், ‘ஏன்’ அல்லது ‘எப்படி’ என்பது அதைவிட வலுவாக நிற்க வேண்டும். சூசன் கிளாஸ்பெல்லின் ‘டிரைஃபிள்ஸ்’ (1916) ஓரங்க நாடகத்தில் கொலை திரை விலகுமுன்பே முடிந்துவிட்டது. கண்டெடுத்த தடயத்தை இரண்டு பெண்கள் மறைப்பார்களா என்பதே நாடகம். சாமுவேல் பெக்கெட்டின் ‘பிளே’யில் முழு நாடகமும் மறுபடி முதலிலிருந்து நடக்கிறது, வசனம் அத்தனை வேகம் என்பதால் இரண்டாம் முறைதான் பல விஷயம் பிடிபடுகிறது. எதை வளைத்தாலும் ஒன்றை மட்டும் வளையுங்கள். காலத்தைக் கலைத்தால் இடமும் பாத்திரங்களும் நிலையாக இருக்கட்டும். இரண்டையும் கலைத்தால் பார்வையாளர் கதையை விட்டுவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

கேள்வி: கடைசி வரியில் ‘எல்லாம் கனவு’ என்று திருப்பம் வைத்திருக்கிறேன். சரியா?

பதில்: வேண்டாம். அதுவரை நடந்த எதற்கும் விலையில்லாமல் போகிறது. திருப்பத்துக்கான பொருளோ சொல்லோ முன்பே இரண்டு முறை வர வேண்டும், இரண்டு முறையும் வேறு வேலைக்காக வந்ததுபோல. கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டு ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். முடிவை உடனே சொல்லிவிட்டால் ஒரு குறிப்பைக் குறையுங்கள். முடிவைக் காட்டிய பிறகும் விழித்தால் ஒன்றைக் கூட்டுங்கள்.