பிரசவத்துக்குப் பின் தரும் பத்துக் கேள்வித் தாளில் உண்மையை எழுதலாமா?

"குழந்தைக்கு ஆறு வாரத் தடுப்பூசி போடப் போனபோது மனநிலை பற்றிப் பத்துக் கேள்விகள் உள்ள தாள் கொடுத்தார்கள். நிரப்பாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உண்மையை எழுதினால் மனநோயாளி என்று முத்திரை குத்திவிடுவார்களோ?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தைரியமாக உண்மையை எழுதுங்கள். நான் முதல் தடவை பொய் எழுதினேன்.

என் மகளின் 45-ஆம் நாள் அது. பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தார். தேவையில்லாமல் என்னை நானே குறை சொல்லிக்கொள்கிறேனா என்ற கேள்விக்கு 'இல்லவே இல்லை' என்று டிக் செய்தேன். அன்று காலைதான் பால் போதவில்லை என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருந்தேன். மதிப்பெண் குறைவாக வந்ததால் நர்ஸும் அனுப்பிவிட்டார். வீட்டில் திருஷ்டி சுற்றிப் போட்டார்கள். பச்சை உடம்புக்காரி அழுதால் பால் வற்றிவிடும் என்றார்கள். அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது.

14-ஆம் வாரத் தடுப்பூசிக்குப் போனபோது வேறொரு டாக்டர் அதே தாளைக் கொடுத்து, என்னைத் தனி அறையில் உட்காரவைத்தார். 30-க்கு 17 வந்தது.

உங்களிடம் இருப்பதும் அநேகமாக அதே தாள்தான், எடின்பரோ அளவுகோல் என்பார்கள். ஜான் காக்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1987-இல் ஸ்காட்லாந்தில் உருவாக்கியது. கடந்த 7 நாட்கள் எப்படி இருந்தீர்கள் என்று மட்டும் கேட்கும். அசதியாக இருக்கிறதா என்று அதில் கேள்வியே கிடையாது, கவனித்தீர்களா? கைக்குழந்தை வைத்திருக்கும் எல்லோருக்கும் அசதி உண்டு, அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. தூக்கம் பற்றிய கேள்விகூட மனவேதனையால் தூக்கம் கெடுகிறதா என்றுதான் இருக்கும். என் விஷயத்தில் அதுதான் நடந்தது. குழந்தை அயர்ந்து தூங்கும்போதும் நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பிரசவமான சில நாட்களில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும். ஆறாவது வாரத்திலும் நீடித்தால் அது வேறு. தமிழ்நாட்டுக் கிராமப்புறத் தாய்மார்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2002-இல் வெளிவந்தது. அதில் 11 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்திருந்தது. மகனை எதிர்பார்த்த வீட்டில் மகள் பிறந்தது, மாமியாரோடு மனக்கசப்பு, ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது எல்லாம் காரணங்களாக வந்தன. படித்தபோது என் வீட்டைப் பார்த்து எழுதியது போலிருந்தது.

முத்திரை பற்றிக் கேட்டீர்கள். மதிப்பெண் நோயைத் தீர்மானிப்பதில்லை. 13 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டர் உட்காரவைத்து விரிவாகப் பேசுவார், அவ்வளவுதான். எனக்குத் தைராய்டும் ரத்த அளவும் பார்த்தார்கள், பிறகு வாராவாரம் கவுன்சலிங், பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடிய மாத்திரை. பாலை நிறுத்தச் சொல்லவே இல்லை. இரண்டாவது தடவை உண்டானபோது ஏழாம் மாதமே நானாகக் கேட்டு அந்தத் தாளை வாங்கி நிரப்பினேன். மனச்சோர்வு கர்ப்பத்திலேயே தொடங்கலாம்.

பத்தாவது கேள்வி மட்டும் தனி. உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் எப்போதாவது வந்திருந்தால்கூட, மொத்த மதிப்பெண் எவ்வளவு என்று பார்க்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். நடு ராத்திரி என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம். அதோடு வீட்டில் ஒருவரைப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்கள்.

சரி, இன்று குழந்தை தூங்கும்போது தனியாக உட்கார்ந்து தாளை நிரப்புங்கள். 10-ஆம் வாரத் தடுப்பூசி வரைக்கும் வைத்திருக்க வேண்டாம், நாளைக்கே நீங்களே கொண்டுபோய் டாக்டர் கையில் கொடுங்கள்.